தோட்டத்துப் பெரியவர்களைப் பேட்டி காணும் ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்து ஆறாம் படிவ மாணவரிடம் சமூக, பண்பாட்டு ஆய்வுக்குத் தலைப்பு கேட்டால், 'மலேசிய இந்தியர்களின் பண்பாடு' என்று சொல்லிவிடுவார். பெரும்பாலோர் இங்கேயே சறுக்குகிறார்கள். அதை ஒரு பள்ளித் தவணையில் யாராலும் முடிக்க முடியாது. ஒரு தோட்டம், ஒரு கேள்வி போதும். ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தபோது லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்கள் எங்கே போயின? தோட்டம் கைமாறிய பிறகு மாரியம்மன் கோயில் திருவிழாவை யார் எடுத்துச் செய்கிறார்கள்? இப்படிக் கேட்டால் பதில் சொல்ல ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள்.

கூகுள் ஃபார்மை வகுப்பு வாட்சப் குழுவில் போட்டுத் தரவு சேர்ப்பது இன்னொரு தவறு. தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பால்மரக் காலம், அதாவது ரப்பர் காலம், எப்படித் தெரியும்?

சரி, பெரியவரைத் தேடிப் போய்விட்டீர்கள். "தோட்டத்துல ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா தாத்தா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "ஆமாய்யா, ரொம்பக் கஷ்டம்" என்பார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். பதிலை நாமே கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி அது. "பெரட்டுக்கு (காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு) எத்தனை மணிக்குப் போவீங்க? பேர் யார் கூப்பிடுவாங்க? மழை பெஞ்சா அன்னிக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். வேலையை மேற்பார்க்கும் கங்காணி வருவார், கணக்கெழுதும் கிராணி வருவார், பால் வடியும் மங்கில் மழைத்தண்ணீர் விழுந்து வீணாய்ப்போன பால் வரும். பட்ட கஷ்டம் எல்லாம் நீங்கள் கேட்காமலே வந்துவிடும்.

ஆண்டை நேரடியாகக் கேட்பதும் பலிக்காது. உங்கள் மனம் நோகக்கூடாதே என்று ஏதோ ஒரு வருஷத்தைச் சொல்லிவிடுவார்கள், அது அப்படியே அறிக்கையில் ஏறிவிடும். அவர்கள் காலத்தை நினைவு வைத்திருப்பது சம்பவங்களால். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொட்டு அவசரகாலம் வந்து 1960 வரை நீடித்தது. நம்மவர்கள் அதைக் கம்யூனிஸ்டு காலம் என்பார்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதும், அதைத் தடுக்க இதே ஊர்க்காரரான அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இன்னோர் அடையாளம். 1969-இல் சிவப்பு ஐசிக்காரர்கள் (குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள்) பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாமல் போனதும், பலர் இந்தியாவுக்கே திரும்பியதும் மற்றொன்று. "அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள். ஆண்டு ஓரளவுக்குப் பிடிபடும்.

இதையொட்டி ஒரு பெரிய தவறு நடக்கிறது. ஜப்பானியர் தோட்டத்து ஆட்களையும் கொண்டுபோய் வேலை வாங்கிய சயாம் மரண ரயில் பாதை 1942, 43-இல் போடப்பட்டது. இன்று எண்பது வயதாகும் தாத்தா அப்போது பிறந்திருக்கவே மாட்டார். அவர் எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும் 'நேரில் கண்டவர்' என்று எழுதாதீர்கள். அப்பா சொல்லிக் கேட்டது என்றே எழுதுங்கள். ஒரு குடும்பம் எதை மறக்காமல் பிள்ளைகளிடம் கொடுத்தது என்பதும் பண்பாட்டு ஆய்வுக்கு முக்கியமான செய்திதான்.

அப்புறம், பாட்டியை விட்டுவிடாதீர்கள். வீட்டுக்குப் போனால் தாத்தா பேசுவார், பாட்டி தேநீர் கலக்கப் போய்விடுவார். ஆனால் விடியுமுன் குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கப் போனது அவர்தான். அவருக்கென்று வேறொரு நாள் ஒதுக்குங்கள், தனியாக உட்கார்ந்து கேளுங்கள். எனக்குத் தெரிந்து மாணவர் ஆய்வுகளில் அதிகம் விடுபடுவது இந்தப் பாதிதான்.

கேட்ட செய்தியைப் பழைய நாளிதழோடு ஒத்துப் பார்க்காமல் விடுவதும் தவறு. பழைய 'தமிழ் முரசு' இதழ்கள் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகம் கோலாலம்பூரில் இருக்கிறது.

குடும்பப் படங்களை ஸ்கேன் செய்ய வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், அங்கேயே கைப்பேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவைத் தொடங்கும் முன்பே அனுமதி கேளுங்கள். பேரைப் போடலாமா என்பதை மட்டும் பேசி முடித்த பிறகு மறுபடி கேளுங்கள். சம்பளப் பாக்கி, சாதி, கள்ளுக்கடைச் சண்டை என்று எல்லாம் பேசியிருப்பார்கள். தொடக்கத்தில் சரி என்றவர் இப்போது வேண்டாம் எனலாம். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள்.