அரை மணியில் நின்றுபோன எம்ஜிபி

என் 1967 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) அரை மணி நேரம் ஒழுங்காக ஓடும், அப்புறம் திணறி நின்றுவிடும். சற்று ஆறவிட்டால் கிளம்பும். சூடுதான் காரணம் என்று தீப்பொறி தரும் இக்னிஷன் காயில், கண்டென்சர், அப்புறம் பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் மாற்றினேன், பலனில்லை.

பின்பக்கத்து எஸ்யூ கம்பெனி மின்சார பெட்ரோல் பம்ப் ஓடும்போது 'டிக் டிக்' என்று அடிக்கும். வண்டி நின்றதும் சத்தமே இல்லை. வழக்கமாக அப்படி என்றால் இரண்டு கார்புரேட்டர்களின் ஃப்ளோட் சேம்பரும் (பெட்ரோல் தேங்கும் சிறு கிண்ணம்) நிரம்பிவிட்டது என்று அர்த்தம். திறந்து பார்த்தால் இரண்டும் காலி! டேங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது, பம்பும் உடனே அடித்தது.

முன்னால் வைத்திருந்தவர் காற்றுத்துளை இல்லாத மூடியைப் போட்டிருக்கிறார். 1967 வண்டியில் டேங்குக்குள் காற்று மூடி வழியாகத்தான் போக வேண்டும்; போகாவிட்டால் பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாது. துளையுள்ள மூடி வாங்கிப் போட்டேன், சரியாகிவிட்டது. கழற்றிய காயில் இப்போது டிக்கியில் ஸ்பேர்.