பிரேக் மிதித்தால் நடுங்கிய ஸ்டியரிங்: என் அனுபவம்

80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்தால் போதும், ஸ்டியரிங் கையில் கிடுகிடுவென ஆடும். சும்மா ஓடும்போது ஒன்றும் இருக்காது. யாரோ சொன்னார்கள் என்று வீல் பேலன்ஸிங் செய்தேன், வீண் வேலை. பேலன்ஸ் கோளாறு என்றால் பிரேக் தொடாமலே நடுங்கியிருக்குமே!

பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஆடினால் காரணம் பெரும்பாலும் முன் பிரேக் டிஸ்க்தான், அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு. புது டிஸ்க் மாட்டினேன். சில ஆயிரம் கிலோமீட்டர் நன்றாக ஓடியது, அப்புறம் பழையபடி அதே ஆட்டம்.

இந்த முறை நானே கழற்றிப் பார்த்தேன். டிஸ்க் உட்காரும் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) முகத்தில் துரு பொருக்குப் பொருக்காக ஒட்டியிருந்தது. அதன் மேலேயே டிஸ்க்கை மாட்டியிருக்கிறார்கள். நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை டிஸ்க்கில் வைத்துச் சுற்றினால் முள் 0.12 மில்லிமீட்டர் ஆடியது. என் வண்டிக்கு 0.05தான் எல்லை. முடியளவு கோணல்தான், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் அதே இடம் பிரேக் பேடில் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) உரசி, அதன் தடிமன் அங்கங்கே மாறிவிடுகிறது. நடுக்கம் அங்கிருந்துதான்.

கம்பி பிரஷ், உப்புத்தாள் கொண்டு உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன். டிஸ்க்கை லேத்தில் சீவிக்கொண்டேன். ஓரத்தில் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் இருந்ததால் தப்பித்தது. திரும்ப மாட்டி அளந்தால் 0.03.

வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்), எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கினேன். இப்போது ஸ்டியரிங்கில் ஒரு விரல் வைத்து பிரேக் பிடிக்கிறேன், அசைவே இல்லை.