எல் எட்டர்னாட்டா: பனியிலும் பகைவரிலும் எதைத் தேடக் கூடாது?

அர்ஜென்டினாவின் 'எல் எட்டர்னாட்டா'வை 2025இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடராகப் பார்த்துவிட்டு மூலச் சித்திரக்கதைக்கு வருகிறவர்கள், நல்லது எது, தீயது எது என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். எக்தோர் ஓஸ்டர்ஹெல்ட் எழுத, பிரான்சிஸ்கோ சொலானோ லோபஸ் வரைந்த கதை இது. 1957 முதல் 1959 வரை வார இதழில் தொடராக வந்தது. ஓர் இரவு புவெனஸ் ஐரஸில் பனி கொட்டுகிறது, அது மேலே பட்டவர் அந்த இடத்திலேயே சாகிறார். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு சீட்டாடிக்கொண்டிருந்த ஹுவான் சால்வோவும் நண்பர்களும் பிழைக்கிறார்கள். (இனி வருவதில் கதை கொஞ்சம் வெளியே வந்துவிடும்.)

அடிக்கடி கண்ணில் படும் தவறு, அந்தப் பனியை ராணுவ சர்வாதிகாரத்தின் குறியீடு என்று சொல்லிவிடுவது. காரணம் புரிகிறது. 1976 மார்ச்சில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த ஆண்டு ஓஸ்டர்ஹெல்டைக் கடத்திக் காணாமல் போகச் செய்தார்கள். அவருடைய நான்கு மகள்களுக்கும் அதே கதிதான். இதைத் தெரிந்துகொண்டவர் அந்தப் பக்கங்களை வெறும் சாகசமாகப் புரட்ட முடியாது. ஆனால் பனி வரையப்பட்டது அதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் முன்பு. அன்றைய வாசகர் மனத்தில் இருந்தது அணுகுண்டுப் பயமும், 1955இல் தங்கள் நாட்டு விமானங்களே தலைநகரின் மாயோ சதுக்கத்தில் குண்டு போட்ட நினைவும்தான். பிற்கால வாசகர்கள் ஏற்றிய பொருள் பொய்யில்லை, அதுவும் இந்தக் கதையின் வரலாறுதான். அதை 1957ஆம் ஆண்டு எழுத்தாளரின் நோக்கமாக ஆக்குவதுதான் தப்பு.

வெள்ளை என்றால் தூய்மை, கறுப்பு என்றால் தீமை என்ற வாய்ப்பாடும் இங்கே உதவாது. கொல்வதே வெள்ளைப் பனிதான்.

அடுத்தது பகைவர்கள். இந்த இடத்தில்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். முதலில் ராட்சத வண்டுகள் வருகின்றன. அப்புறம் பிடிபட்ட மனிதர்கள், பிடரியில் கருவி பொருத்தப்பட்டு, சொந்த ஊர்க்காரர்கள் மீதே சுடுகிறார்கள். இவர்களை இயக்குபவர்கள் 'கைகள்' எனப்படும், எக்கச்சக்க விரல்கள் கொண்ட வேற்றுக்கிரகவாசிகள். சரி, வில்லன் கிடைத்துவிட்டான் என்று நினைக்கும்போதே, அந்தக் கைகளும் அடிமைகள் என்று தெரிகிறது. கைகளை அடிமையாக்கியவர்கள் அவர்கள் உடலில் ஒரு சுரப்பியை வைத்திருக்கிறார்கள். பயந்தால் அது நஞ்சைச் சுரந்து கொன்றுவிடும். எதிர்த்து நிற்க நினைக்கும்போது வருகிற பயமே போதும். சாகப்போகும் ஒரு கை பூமியின் அழகை வியந்து பேசிவிட்டு, தன் மொழியில் பாடிக்கொண்டே உயிர்விடும் கட்டங்கள் முழுக்கதையிலும் உச்சம் என்பேன். இவர்களுக்கெல்லாம் மேலே இருப்பவர்கள் வெறும் 'அவர்கள்'. முகமே கிடையாது, ஒரு கட்டத்தில்கூடக் காட்டப்படுவதில்லை. ஆகவே விகாரமான உருவத்தைத் தீமை என்று குறித்துக்கொண்டே போனால், பலியானவர்களின் பட்டியல்தான் கையில் மிஞ்சும். யார் யாரை இயக்குகிறார் என்று பார்த்துக்கொண்டே போவது மேல்.

நல்லதை சால்வோ ஒருவர் தலையில் கட்டுவதும் சரியில்லை. பேராசிரியர் ஃபவாலியின் மூளையும் கடைசல் தொழிலாளி ஃபிராங்கோவின் துணிச்சலும் இல்லாவிட்டால் அவர் பாதிக் கதையைத் தாண்டியிருக்க மாட்டார். உண்மையான நாயகன் கூட்டம்தான் என்று ஓஸ்டர்ஹெல்டே முன்னுரையில் எழுதியிருக்கிறார். அந்தக் கூட்டமும் சுத்தத் தங்கமில்லை. வெளியே பிழைத்திருப்பவர்களிடம் துப்பாக்கியை நீட்டித்தான் பேச வேண்டும் என்று தொடக்கத்திலேயே கணக்குப் போடுகிறது.

கடைசியாக, எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் பேசுவது. அதே கதையை ஓஸ்டர்ஹெல்ட் 1969இல் அல்பெர்தோ பிரேச்சாவின் ஓவியங்களோடு மறுபடி எழுதினார். அதில் வல்லரசுகள் தாங்கள் தப்பிக்கத் தென் அமெரிக்காவையே படையெடுப்பாளர்களிடம் விட்டுக்கொடுத்துவிடுகின்றன. வெளியிட்ட இதழ் அந்தத் தொடரை அவசரமாக முடிக்க வைத்தது. நெட்ஃபிளிக்ஸ் தொடரோ கதையை இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்து, சால்வோவை 1982இல் பிரிட்டனுடன் நடந்த மால்வினாஸ் (ஃபாக்லாந்து) போரில் சண்டையிட்டவராக மாற்றியிருக்கிறது. அந்தப் போரின் காயத்தை 1957இன் பக்கங்களில் தேடினால் கிடைக்காது.