பவளப்பாறைக்குப் படகு அமர்த்தும் முன்

குழுவாகப் படகு அமர்த்திப் பவளப்பாறை பார்க்கப் போகும்போது, எங்கே இறங்குவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் குழுவில் நீச்சல் மிகக் குறைவாகத் தெரிந்தவர். அவரால் 200 மீட்டர் நிற்காமல் நீந்தி, பிறகு 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க முடிகிறதா என்று இரண்டு வாரம் முன்பே நீச்சல் குளத்தில் பார்த்துவிடுங்கள். முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி நீருக்கடியில் போகும் ஸ்கூபாவின் முதல் நிலைச் சான்றிதழான ஓபன் வாட்டருக்கு இதே அளவைத்தான் கேட்கிறார்கள். முடியவில்லையா? பரவாயில்லை. பாறையின் உள்பக்கம், அலை அடங்கிய இரண்டு மூன்று மீட்டர் ஆழம், ஸ்நார்க்கெல் (மேலே மிதந்தபடி மூச்சுவிட உதவும் குழாய்), காற்றடைத்த ஸ்நார்க்கெல் ஜாக்கெட், பக்கத்தில் ஒரு துணை. இவ்வளவு போதும். நிறைய வெளிச்சம் இறங்குகிற அந்த ஆழத்தில்தான் நிறங்களும் நன்றாகத் தெரியும். கீழே போகப் போக முதலில் மறைவது சிவப்பு.

ஸ்கூபா ஆட்களும் ஸ்நார்க்கெல் ஆட்களும் ஒரே படகில் போவதில் ஒரு சிக்கல் உண்டு. டைவர்கள் பாறையின் வெளிச்சரிவைக் கேட்பார்கள். அங்கே நீரோட்டம் இழுக்கும். அவர்கள் கீழே இருக்கும்போது படகோட்டியின் கண் அவர்களின் மூச்சுக் குமிழிகள் மேலேயே இருக்கும், மேலே மிதப்பவர்களைக் கவனிக்க ஆள் இருக்காது. ஆகவே ஸ்நார்க்கெல் குழுவுக்கென்று தனியாக ஒரு வழிகாட்டி வருவாரா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள்.

அதே நேரத்தில் கேட்க வேண்டியவை இன்னும் சில. ஆக்சிஜன் சிலிண்டர் படகில் இருக்கிறதா, அதை இயக்கத் தெரிந்தவர் வருகிறாரா? வயர்லெஸ் உண்டா, கைபேசியை மட்டும் நம்பியிருக்கிறார்களா? ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு ஜாக்கெட் உண்டா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? சான்றிதழ் இல்லாமல் முதல்முறை ஸ்கூபா பார்ப்பவர்கள் என்றால் ஒரு பயிற்சியாளருக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது, ஆழம் 12 மீட்டரைத் தாண்டக்கூடாது. வானிலையால் பயணம் நின்றால் பணம் திரும்புமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் போய்விடுமே என்ற நினைப்பில்தான் பலர் போகக்கூடாத நாளில் படகேறுகிறார்கள்.

தலை எண்ணும் முறையைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஒரு படகு இரண்டு டைவர்களைக் கடலிலேயே விட்டுவிட்டுக் கரை திரும்பியது. அவர்கள் இல்லை என்று தெரியவந்தது இரண்டு நாள் கழித்து. கண்டுபிடிக்கவே முடியவில்லை. பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, இறங்கும்போதும் ஏறியபின்பும் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி அவரிடமே பதில் வாங்க வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் ‘இருக்கிறார்’ என்று சொல்வதை ஏற்கக்கூடாது. படகுக்காரர்களின் எண்ணிக்கைக்கு மேலாக உங்கள் குழுவிலும் ஒருவர் எண்ணட்டும்.

இரவு தங்கும் படகென்றால், படுக்கும் அறையிலிருந்து வெளியேற இரண்டு வழி உண்டா, அவை வேறு வேறு இடத்தில் திறக்கின்றனவா என்று நடந்தே பாருங்கள். 2019 செப்டம்பரில் கலிபோர்னியா கடலில் கன்செப்ஷன் என்ற டைவ் படகு எரிந்து 34 பேர் இறந்தார்கள். கீழ்த்தள அறையின் இரண்டு வழிகளும் தீப்பிடித்த ஒரே கூடத்தில்தான் திறந்தன. இரவில் சுற்றிப் பார்க்கும் காவலும் இல்லை. கேமரா, டார்ச் பேட்டரிகளைத் தூங்கும் நேரத்தில் சார்ஜில் போடாதீர்கள்.

நாள் குறிக்கும்போது நிலவைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும், நீரோட்டமும் வலுக்கும். புதியவர்கள் இருந்தால் அரைநிலவை ஒட்டிய நாட்கள் நல்லவை. அன்றைக்குள்ளும், நீர் ஏறி முடித்து இறங்கத் தொடங்கும் முன் நிற்கிற இடைவெளியில் இறங்கினால் ஓட்டமும் குறைவு, தண்ணீரும் தெளிவு. கடலெங்கும் வெள்ளை நுரைத்தலைகள் தெரிந்தால் புதியவர்களை இறக்க வேண்டாம்.

உடல்நிலை விஷயத்தில் ஸ்நார்க்கெலிங்கை எளிதாக எடுத்துக்கொள்வது பெரிய தவறு. தண்ணீரில் கிடக்கும்போது கால், வயிற்றுப் பகுதி ரத்தம் மார்புக்குள் தள்ளப்பட்டு இதயத்துக்கு வேலை கூடுகிறது; குழாய் வழி மூச்சுக்கும் கூடுதல் முயற்சி வேண்டும். இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே இறங்க வேண்டும். மூச்சு வாங்கத் தொடங்கினால் குழாயைத் துப்பிவிட்டு மல்லாந்து, கையை ஆட்டுங்கள். குப்புறக் கிடந்து மீன் பார்ப்பவரும், நினைவிழந்து கிடப்பவரும் படகிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருப்பார்கள். அதனால்தான் இருவர் இருவராகப் போய், சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவரையொருவர் தொட்டுக் கேட்க வேண்டும். ஸ்கூபாவுக்கு ஆஸ்துமா, காது, சைனஸ் தொல்லைகளும் தடையாகலாம். கர்ப்பிணிகள் ஸ்கூபா செய்யக்கூடாது. சளி பிடித்திருந்தால் அன்று டைவ் இல்லை.

மாஸ்க்கை வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் நின்றால் அது உங்கள் அளவு. மீசை இருந்தால் மேலுதட்டுப் பக்கம் கசியும். வாரை இறுக்கினால் சரியாகாது, விளிம்பு மடங்கி இன்னும் கசியும். புது மாஸ்க்கின் கண்ணாடியில் சிலிகான் படலம் இருக்கும். பற்பசை தடவி உள்பக்கத்தை இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவாவிட்டால் எத்தனை முறை துடைத்தாலும் ஆவி படியும். சன்ஸ்கிரீன் முழங்கையிலும் கழுத்திலும் வழிந்து கடலுக்குத்தான் போகிறது. பவளத்துக்குக் கேடு என்று ஆக்சிபென்சோன், ஆக்டினாக்ஸேட் ஆகிய ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீன்களை விற்பதற்கு ஹவாய் 2021 முதல் தடை விதித்திருக்கிறது. முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் பூச வேண்டிய இடமே பெரிதும் குறைந்துவிடும்.

வாந்தி வரும் உடம்பென்றால் மாத்திரையைப் படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போடுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பயனில்லை. தூக்கம் வருகிறதா என்பதை முன்னொரு நாளில் வீட்டிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

டைவர்கள் சிலிண்டரைத் திறந்தபின் ரெகுலேட்டரில் (வாயில் கவ்விச் சிலிண்டர் காற்றை இழுக்கும் கருவி) நாலு முறை மூச்சிழுத்தபடி அழுத்தமானியைப் பாருங்கள். முள் ஆடினால் வால்வு முழுக்கத் திறக்கவில்லை. காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ அடித்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். மூழ்குவதற்காக உடலில் கட்டும் ஈய எடைக்கும் கணக்குண்டு: அலுமினிய சிலிண்டர் காற்று தீரத் தீர ஏறத்தாழ இரண்டு கிலோ மிதப்புக் கூடும். முதலில் சரியாக இருந்த எடை, முடிவில், ஏறும் வழியில் 5 மீட்டர் ஆழத்தில் நிற்க விடாமல் மேலே தூக்குவது இதனால்தான். அதற்காக அளவுக்கு மீறி ஈயம் கட்டினால் பாறையில் போய் விழுவீர்கள். பவளத்தில் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) பட்டு ஒடியும் ஒரு கை நீளக் கிளை வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

காது வலிக்கும் வரை காத்திருக்காமல், முதல் மீட்டருக்குள்ளேயே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் சமன் செய்யுங்கள். வலித்தால் கொஞ்சம் மேலேறி மறுபடி முயலுங்கள். ஓட்டத்தை எதிர்த்து முதலில் போய், திரும்பும்போது அதன் போக்கில் வாருங்கள். அழுத்தமானியில் 50 பார் (காற்றழுத்த அளவு) மிச்சமிருக்கும்போது படகில் இருக்கும்படி திட்டமிடுங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள். ஏறும் வழியில் 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். எந்த நிலையிலும் மூச்சை அடக்கக்கூடாது. ஏணிக்குப் போவது எஞ்சின் நின்று படகோட்டி கை காட்டிய பிறகே.

சிங்கமீன், கல்மீன் முள் குத்தினால் அந்த இடத்தைப் பொறுக்கும் அளவுச் சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத நீரில் 30 முதல் 90 நிமிடம் வையுங்கள். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதியுங்கள். குத்துப்பட்ட இடம் மரத்திருக்கும். பிறகு மருத்துவமனை.

ஒரே ஒரு டைவ் செய்தவர் விமானம் ஏற 12 மணி நேரம், பல டைவ்கள் செய்தவர் 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். உயரமான மலைப்பாதைக்கும் இதே எச்சரிக்கை. எளிய வழி, கடைசி நாளை ஸ்நார்க்கெலிங்குக்கு ஒதுக்கிவிடுவது. டைவ் முடிந்த பின் மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய களைப்பு தெரிந்தால் அலைச்சல் என்று தள்ளாமல் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்து, டைவ் செய்ததைச் சொல்லியே மருத்துவரிடம் காட்டுங்கள்.