பொங்கல் பந்தி: இலை போடுவதில் எங்கே சொதப்புகிறோம்?

பொங்கலன்று வீட்டில் இருபது பேர் கூடினால் சமையலைக்கூட எப்படியோ சமாளித்துவிடுகிறோம். இலை போடும்போதுதான் குளறுபடி ஆரம்பிக்கிறது.

போன வருஷம் சித்தி வீட்டில் சாப்பாட்டு மேசையின் நடுவே சரிகைத் துணி, அதன்மேல் உருளியில் மிதக்கும் செவ்வந்தி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. போட்டோவுக்கு அருமையாக இருந்தது. இலையைப் போட்டதும் பெரியப்பாவின் இலை உருளியில் இடித்து மடங்கிக்கொண்டது. சாம்பார் வாளியை வைக்க இடமில்லாமல் சித்தப்பா அதைக் கையில் பிடித்தபடியே நின்றார். கடைசியில் உருளி டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

கணக்குப் போட்டால் புரியும். ஆறு பேர் மேசை என்று விற்பது பெரும்பாலும் 5 அடி நீளம், 3 அடி அகலம். நல்ல தலைவாழை இலை ஒன்று கிட்டத்தட்ட 2 அடி நீளம், ஒரு அடிக்குமேல் அகலம். ஒரு பக்கத்தில் இரண்டு இலைதான் தாராளமாக விழும்; மூன்றாவதைப் போட்டால் ஒருவர் பொரியல் இன்னொருவர் இலைக்குப் போய்விடும். எதிரெதிரே போட்டபின் நடுவில் மிஞ்சுவது ஒரு சாண். அது தண்ணீர்த் தம்ளருக்கு. பூவும் விளக்கும் சுவரோரமாகவோ வாசற்படியிலோ இருக்கட்டும். அதிலும் சாப்பிடும் இடத்தில் மல்லியும் சம்பங்கியும் வேண்டாம். ரசத்தின் மணத்தை அமுக்கிவிடும். கோலம் போட்டே ஆகவேண்டுமென்றால் பச்சரிசி மாவில் போடுங்கள், கல்மாவில் அல்ல.

மேசை அழுக்காகாமல் இருக்க பிளாஸ்டிக் தாள் விரிப்பது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் சாப்பாட்டு மேசை பிளாஸ்டிக் விரிப்பும் ஒன்று, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் ஒன்று. வாழையிலைக்கு அடியில் விரிப்பு எதற்கு என்பது வேறு விஷயம்.

இலையை முந்தின நாள் சாயங்காலமே வாங்கிவிடுகிறோம். பண்டிகைக் கூட்டத்தில் வேறு வழியில்லை. அதைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் திணிப்பதுதான் தப்பு. மடக்கித் திணித்த இடத்திலெல்லாம் கிழியும். ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தாலே போதும். துடைக்கும்போது நடுத்தண்டிலிருந்து ஓரத்தை நோக்கி, நரம்பு ஓடும் திசையிலேயே துணியை இழுங்கள். குறுக்கே தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், ரசம் ஊற்றியதும் அது மடிக்கு வரும். பின்பக்கத் தண்டு தடிமனாக இருந்தால் இலை ஊஞ்சலாடும். கத்தியால் லேசாகச் சீவிவிடுங்கள். கிழிந்த இலையைத் தூக்கிப் போட வேண்டாம், கிழிசலுக்கு அடியில் ஒரு துண்டு இலையைச் சொருகினால் சரியாகிவிடும்.

நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் வரவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அவசரத்தில்தான் மாறிவிடுகிறது. வலக்கையால் பிசைந்து சாப்பிட அகலமான பக்கம் வலப்புறம் இருந்தால் வசதி. (என் தம்பிக்கு இடக்கைப் பழக்கம். அவன் மட்டும் பாட்டிக்குத் தெரியாமல் இலையைத் திருப்பிக்கொள்வான்.) உப்பு, ஊறுகாய், பச்சடி, பொரியல், கூட்டு எல்லாம் தண்டுக்கு மேல் பாதியில், சோறு கீழ்ப்பாதியில். பொங்கல் குழம்பில் காய் அதிகம் என்பதால் கரண்டி நிறைய அள்ளி ஊற்றத் தோன்றும். சோற்றில் குழி வைத்த பிறகு ஊற்றுங்கள்.

அப்பளத்தை முதலிலேயே வைத்துவிடுவது நிறைய வீடுகளில் பார்க்கிற தப்பு. குழம்பு வருவதற்குள் நமத்துவிடும், இல்லையென்றால் மின்விசிறிக் காற்றில் பறக்கும். சோறு விழுந்த பிறகு வைத்தால் போதும்.

தரையில் பந்தி போட்டால் எதிரெதிர் வரிசைகளுக்கு நடுவே குறைந்தது 3 அடி விடுங்கள். பரிமாறுகிறவர் புடவைக் கொசுவமோ வேட்டி நுனியோ யார் இலையையும் தொடக்கூடாது. முட்டி வலிக்கும் பெரியவர்களை வேறு அறையில் மேசை போட்டு ஒதுக்காதீர்கள். அதே கூடத்தில் ஓரமாக நாற்காலி போட்டால் பேச்சில் அவர்களும் இருப்பார்கள்.

இன்னொன்று. சமைத்தவர்கள் உட்காரும் கடைசிப் பந்திக்கு எங்கள் வீட்டில் பல வருஷம் நுனியில்லாத கிழிந்த ஏட்டு இலைதான் மிஞ்சியது, வடை தீர்ந்திருக்கும். முதல் இலை விழுவதற்கு முன்பே நல்ல இலை நாலும் வடை எட்டும் தனியாக எடுத்து மூடி வைத்துவிடுங்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.