ஓப்பன் வேர்ல்ட் கேம்களில் மலை ஏறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓப்பன் வேர்ல்ட் கேம்களில், அதாவது பரந்த உலகில் இஷ்டப்படி சுற்றித் திரியும் கேம்களில், பாதி மலையில் கை நழுவி விழுபவர்களுக்கு விரல் வேகம் போதவில்லை என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் மலையைச் சரியாகப் பார்க்காமலே ஏறத் தொடங்கிவிடுகிறார்கள். அடிவாரத்தில் நின்று கேமராவை மேலே திருப்பி, கால் ஊன்ற எங்கெங்கே இடம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

2017-இல் வந்த 'பிரெத் ஆஃப் த வைல்ட்' கேமையே எடுத்துக்கொள்வோம். கண்ணில் படும் பாறை எல்லாவற்றிலும் ஏறலாம் என்கிற சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டு, அதற்குக் கடிவாளமாக ஸ்டாமினா (உடல் தெம்பு) என்ற பச்சை வளையத்தையும் வைத்த கேம் இது. பலரும் உச்சியைப் பார்த்து நேராக ஏறுவார்கள். வழியில் நின்று மூச்சு வாங்கலாம் என்று நினைப்பார்கள். சுவரில் அசையாமல் தொங்கினால் ஸ்டாமினா குறையாது, உண்மைதான். ஆனால் நிரம்பவும் செய்யாது. கேமின் நாயகன் லிங்க் நிமிர்ந்து நிற்கும் அளவுக்குச் சரிவு குறைந்த இடத்தில்தான் வளையம் மறுபடி நிரம்பும். அதனால் கொஞ்சம் பக்கவாட்டில் நகர வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, ஒரு திட்டிலிருந்து அடுத்த திட்டுக்குப் போவதாகவே பாதையை அமையுங்கள்.

அடுத்தது அவசரத் தாவல். ஏறும்போது தாவினால் சீக்கிரம் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு தாவலும் வளையத்தில் பெரிய துண்டைத் தின்றுவிடுகிறது. தாவலை முதலிலேயே செலவழிக்காதீர்கள். விளிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, வளையத்தில் ஒரு கீற்று மட்டும் மிஞ்சியிருக்கும்போது தாவுங்கள். அந்தக் கீற்றுக்கே முழுத் தாவல் கிடைக்கும். எட்டாது என்று தெரிந்தால், வளையம் காலியாகும் முன்பே கையை விட்டு, காற்றில் மிதந்து இறங்க உதவும் பாராகிளைடரைத் திறந்துவிட வேண்டும். காலியான பிறகு கிளைடர் திறக்காது, பள்ளம்தான்.

மழையில் வீம்புக்கு ஏறுவதும் வேண்டாம். சில எட்டுகளுக்கு ஒருமுறை கை வழுக்கும். ஏறிய உயரத்தில் ஒரு பகுதியும், அதற்குச் செலவான ஸ்டாமினாவும் வீண். மேலே பாறை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் விறகு போட்டுத் தீ மூட்டி, அதன் பக்கத்தில் உட்கார்ந்து நேரத்தைக் கடத்துவதே மேல். இடி இடிக்கிறது என்றால் உலோக வாள், கேடயம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். உடம்பைச் சுற்றித் தீப்பொறி தெறிப்பதுதான் மின்னல் விழப்போவதற்கான எச்சரிக்கை. அப்புறம், ஸ்பிரிட் ஆர்ப் என்ற பரிசு உருண்டை நான்கு சேர்ந்தால் இதயத்தையோ (உயிர் அளவு) ஸ்டாமினாவையோ கூட்டலாம்; பலர் கண்ணை மூடிக்கொண்டு இதயத்தையே கூட்டிக்கொள்கிறார்கள். மலைகளைச் சுற்றிப் பார்க்கும் ஆசை இருந்தால் முதலில் ஸ்டாமினாவைக் கூட்டுங்கள் என்பேன்.

ஒரு கேமில் பழகியதை இன்னொன்றில் எதிர்பார்ப்பதும் நேரத்தை விழுங்கும் தவறு. அதே 2017-இல் வந்த 'ஹொரைசன் ஜீரோ டான்' கேமில் அதற்கென்று அமைத்த பிடிகள் உள்ள இடத்தில்தான் ஏற முடியும். வெறும் பாறையில் முட்டி மோதிப் பயனில்லை. 'ஸ்கைரிம்' கேமில் ஏறுவதற்கென்று பட்டனே கிடையாது. பாறையிடுக்கில் குதித்துக் குதித்துப் பார்ப்பதைவிட, மலையைச் சுற்றிப் போகும் பாதையைத் தேடுவது சீக்கிரம் முடியும்.

'டெத் ஸ்ட்ராண்டிங்' (2019) கேமில் கணக்கே வேறு. அங்கே முதுகுச் சுமைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கிடைத்ததையெல்லாம் அடுக்கிக்கொண்டு கிளம்பினால், சின்னச் சரிவில்கூட கேமின் நாயகன் சாம் ஒரு பக்கமாகச் சாய்வார். விழுந்தால் சரக்கும் அடிபடும். இடத்தை அடைக்கிறதே என்று ஏணியையும் கயிற்று நங்கூரத்தையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஏறும்போது தேவைப்படாத கயிறு, மறுபக்கம் செங்குத்தாக இறங்கும்போது கட்டாயம் தேவைப்படும்.

இறங்குவதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கிளைடர் உள்ள கேம் என்றால் உச்சியில் ஸ்டாமினா முழுதாக நிரம்பும்வரை நின்று, இறங்க வேண்டிய இடத்தை மேப்பில் குறித்துக்கொண்டு குதியுங்கள். கிளைடர் இல்லையென்றால், குதிப்பதற்கு முன் ஒரு சேவ்.