பால்மரக்காட்டை மேசையில் நடும்போது: மாதிரி ரயில் நிலக்காட்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணம் ஒன்றை மாதிரி ரயில் தளமாக அமைக்க முற்படுபவர்களுக்குத் தண்டவாளமும் எஞ்சினும் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. அவை பெட்டியில் அளவாகச் செய்யப்பட்டு வருகின்றன. தொல்லை தருவது நிலக்காட்சிதான். அதையும் நாம் பெட்டியிலிருந்தே எடுக்கிறோம் என்பதுதான் அடிப்படைத் தவறு. கடைகளில் கிடைக்கும் மரம், புல், பாறை எல்லாம் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றோடு வரும் செய்முறைக் குறிப்புகளும் அந்த நிலங்களுக்காக எழுதப்பட்டவை. என் முதல் தளத்தில் மலாயா ரயில்வேயின் டீசல் வண்டி ஊசியிலை மரங்களுக்கு நடுவே ஓடியது. முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய என் பெரியப்பா அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது எந்த ஊருடா தம்பி, கேமரன் மலையா?" என்று கேட்டார். அந்த மரங்களை அன்றைக்கே பிடுங்கிவிட்டேன்.

மரம் நடுவதற்கு முன்னால் தளம் எந்தக் காலத்தைக் காட்டுகிறது என்று முடிவு செய்ய வேண்டும். ஏனெனில் நம் ஊர்களில் நிலக்காட்சியே காலத்தைச் சொல்லிவிடும். 1957இல் வந்து சேர்ந்த இருபதாம் வகுப்பு டீசல் எஞ்சினை ஓட்டுபவர் பாதையோரம் நிரை நிரையாகப் பால்மரங்கள் எனப்படும் ரப்பர் மரங்களையும், தகரக் கூரை போட்ட லயன் வீடுகள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளையும் வைக்கலாம். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்து மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தைக் காட்ட விரும்பினால் குடியிருப்பைச் சுற்றி முள்வேலியும் வாயிற்காவலும் வேண்டும். ஈப்போவுக்கும் பாடாங் பெசாருக்கும் இடையே மின்சார இரட்டைப் பாதை வந்தபின் உள்ள காலம் என்றால், மேல்மின்கம்பிகளும் அவற்றைத் தாங்கும் தூண்களும் காட்சியில் முதலில் கண்ணில் படுபவை. பக்கத்து நிலத்தில் எண்ணெய்ப் பனையான செம்பனை நிற்பதுதான் பெரும்பாலும் பொருத்தம். மின்சார ரயிலின் பின்னால் ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரை வரிசையை வைத்தால், பார்ப்பவர் எது தவறு என்று விரல் காட்டிச் சொல்லாவிட்டாலும், ஏதோ பொருந்தவில்லை என்பதை உணர்ந்துவிடுவார்.

அடுத்தது அளவு. நம் பாதை மீட்டர் பாதை, அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர். 1:87 என்னும் எச்ஓ அளவையில் அதற்கு 12 மில்லிமீட்டர் தடம் வேண்டும். எளிதில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தடத்தையே பலர் பயன்படுத்துகிறார்கள். அதை நான் குறையாகக் கருதவில்லை. ஆனால் தடம் எதுவாக இருந்தாலும், அதைச் சுற்றியுள்ள வீடும் மரமும் மனிதரும் ஒரே அளவையில் இருக்க வேண்டும். இருபது மீட்டர் உயரமுள்ள முதிர்ந்த ரப்பர் மரம் 1:87இல் ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் வரும். கடையில் விற்கும் மரங்களோ பெரும்பாலும் அதில் பாதிதான். அதனால்தான் நம் தளங்களில் பால்மரக்காடு கொய்யாத் தோப்பு போலத் தெரிகிறது. செம்பனையை ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் நடுவது வழக்கம்; அது மேசையில் பத்து சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அந்தக் கணக்கில் ஒரு சதுர மீட்டர் பலகையில் ஏறக்குறைய நூற்றெட்டு மரங்கள்தான் நிற்கும். அருகருகே திணித்து நட்டால் மட்டைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தோட்டம் கெட்டு வேலிப்புதர் ஆகிவிடும். இடம் போதாதவர்கள் முன்வரிசை மரங்களை முழு அளவிலும், பின்னே செல்லச் செல்லச் சற்றுச் சிறிதாகவும் செய்யலாம். முன்னால் குட்டை, பின்னால் நெட்டை என்று மாற்றி வைப்பதை மட்டும் எந்தக் கண்ணும் மன்னிக்காது.

வெளிநாட்டுச் செய்முறை நூல்கள் எல்லாம் ஒருமித்துச் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: இயற்கையில் நேர்க்கோடு இல்லை, ஆகையால் மரங்களை வரிசையாக நடாதீர்கள். காட்டுக்கு இது சரி. தோட்டத்துக்கு முற்றிலும் தவறு. தோட்டம் என்பதே நிரைதான். பால் வெட்டுபவருக்கு வேலை பிரிக்கப்படுவதும் நிரைக் கணக்கில்தான். ரயில் சன்னலில் அமர்ந்து பால்மரக்காட்டைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும்: மரங்கள் முதலில் ஒழுங்கற்ற கூட்டமாகத் தெரியும், ஒரு கணத்தில் நிரை திறந்து உள்ளே நீண்ட இருண்ட சந்து தெரியும், மறுகணம் மூடிக்கொள்ளும், மீண்டும் திறக்கும். நிரைகளைக் கலைத்துவிட்டால் இந்தத் திறப்பும் மூடலும் போய்விடும். அது போனபின் மிஞ்சுவது எந்த நாட்டிலும் இருக்கக்கூடிய ஒரு காடு.

ஆனால் நிரையை நேராகப் பின்னணிப் பலகையை நோக்கி ஓடவிடுவதும் தவறே. பார்ப்பவரின் கண் அந்தச் சந்து வழியே உள்ளே போய், மூன்றாவது மரத்துக்குப் பின்னால் வண்ணம் பூசிய சுவரில் முட்டிக்கொள்ளும். நிரைகளைத் தளத்தின் முன்விளிம்புக்கு ஏறத்தாழ 30 பாகை சாய்வாக அமைத்தால் சந்து வேறு மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். மேட்டு நிலமாக இருந்தால் படிவெட்டின் வளைவைப் பின்பற்றி நிரையே வளையும். நிரைக்கு நிரை இருபது அடி என்று கொண்டால் மேசையில் ஏழு சென்டிமீட்டர். ஆகவே நான்கு நிரைகளுக்கு மேல் பெரும்பாலானவர்களுக்கு இடம் இராது. அவற்றுக்குப் பின்னால், பலகையில், மரம் மரமாக வரையாமல் கரும்பச்சை நிழலும் இடையிடையே வெளிறிய தண்டுக் கோடுகளும் போதும். ஒழுங்கு இடைவெளியில் இருக்க வேண்டும்; மரம் ஒவ்வொன்றும் வேறுபட வேண்டும். ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்று காற்றில் முறிந்து நிரையில் பல் விழுந்ததுபோல் இடைவெளி விட்டிருக்கும். பால் எடுக்கப் பட்டையைச் சீவிய வெட்டுப்பட்டை முன்வரிசை மரங்களில் மட்டும் தெரிந்தால் போதும். மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணமான பால் மங்கு இந்த அளவையில் குண்டூசித் தலை அளவுதான் என்பதால் ஒரு வெண்புள்ளியாக வைத்துவிடலாம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் இலை பழுத்து உதிரும் பருவத்தைத் தேர்ந்துகொண்டால், செந்நிற இலைகளை விலைக்கு வாங்கிய இலையுதிர்காலப் பொட்டலத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பெட்டி நமக்கு உதவும் அரிய இடங்களில் அது ஒன்று.

பின்னணிப் பலகைக்கு வருவோம். வானத்தை ஆழ்ந்த நீலமாகப் பூசுவது மிகவும் பரவலான பிழை. ஈரம் நிறைந்த நம் காற்றில் அடிவானம் வெண்மையாகவும், உச்சி மட்டுமே மெல்லிய நீலமாகவும் இருக்கும். வண்ணம் ஈரமாக இருக்கும்போதே கீழே வெண்மையையும் மேலே நீலத்தையும் பூசி இடையில் கலந்துவிட வேண்டும். பளபளப்பில்லாத சுவர் வண்ணமே ஏற்றது. மேகங்களை முழத்துக்கு ஒன்றாகப் பஞ்சு வைத்ததுபோல் வரைவதைவிட வரையாமலே விடுவது மேல். மலைகளில் நடக்கும் தவறு வேறு வகையானது. கிழக்கே தெரியும் தித்திவங்சா மலைத்தொடரைப் பலர் முன்னால் உள்ள மரங்களின் அதே பச்சையில் தீட்டுகிறார்கள். மலை உடனே தண்டவாளத்தின் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறது. தொலைவு கூடக் கூட நிறத்தில் வெண்மையும் நீலமும் கூட வேண்டும், விளிம்பும் விவரமும் குறைய வேண்டும். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளோ இந்த மலைகளைப் போன்றவை அல்ல: அவை சமதரையிலிருந்து திடீரெனச் செங்குத்தாக எழுபவை, சாம்பல் வெண்மையில் துருநிறக் கறை வழிந்த பாறைமுகம் உடையவை, உச்சியில் அடர்ந்த பசுமை கொண்டவை. அவற்றைக் குழந்தைகள் வரையும் முக்கோண மலைகளாகத் தீட்டிவிட்டால் ஊர் அடையாளமே போய்விடும்.

அறையின் மூலையில் பலகையைச் செங்கோணமாக மடிப்பதும் வானத்தை உடைத்துவிடும். மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள ஹார்ட்போர்டு நன்றாக வளையும். மூலையை வளைவாகவே கொண்டுபோக வேண்டும். பலகையின் இரு புறமும் வண்ணம் பூசி அடைக்காவிட்டால், ஈரக்காற்றில் ஒரு பக்கம் மட்டும் ஊதிப்போய், அடுத்த மழைக்காலத்தில் இணைப்புக்கோடு வானத்தின் நடுவே வெடித்துத் தெரியும். வரையத் தெரியாதவர்கள் புகைப்படத்தை அச்சிட்டு ஒட்டுவதில் குற்றம் ஏதுமில்லை. அகன்ற கோணத்தில் எடுத்த படத்தில் ஓரக் கட்டடங்கள் சாயும் என்பதையும், அச்சின் நிறங்கள் முன்னால் உள்ள மாதிரிகளைவிட அடர்த்தியாக இருந்தால் பின்னணி முன்னால் பாயும் என்பதையும் மட்டும் மறக்கக்கூடாது. படத்தை வெளிறச் செய்து, பளபளப்பில்லாத தாளில் அச்சிடச் சொல்ல வேண்டும்.

தளமும் பலகையும் சந்திக்கும் கோடுதான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும் இடம். தோட்டச் சாலை ஒன்றைப் பலகைக்கு நேராகக் கொண்டுபோய், அதன் தொடர்ச்சியைப் பலகையில் வரைபவர்கள் உண்டு. ஒரே ஓர் இடத்தில் நின்று பார்த்தால் மட்டுமே அது பொருந்தும். இரண்டடி நகர்ந்தால் சாலை முறிந்துவிடும். பலகையை நெருங்குமுன் சாலையை ஒரு மேட்டுக்குப் பின்னாலோ முனியாண்டி கோயிலின் அரசமரத்துக்குப் பின்னாலோ திருப்பிவிட வேண்டும். பட்டணப் பகுதியில் இதற்குக் கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடுகள் நல்ல துணை: மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழம் மட்டுமே உள்ள அரைக்கட்டடங்களைப் பலகையோடு ஒட்டி வைத்தால் கோடு மறையும். முகப்பையும் ஐந்தடி நடைபாதையையும் ரயிலை நோக்கித் திருப்பி வைக்கும் பழக்கத்தை மட்டும் ஒரு முறை யோசித்துப் பார்க்கலாம். ரயிலிலிருந்து பெரும்பாலும் தெரிவது கடைவீட்டின் புறக்கடைதான். அடுப்புக்கரி படிந்த சுவர், குழாய்கள், சுழல் இரும்புப் படி, துணிக்கொடி ஆகியவற்றைச் செய்வது முகப்பைச் செய்வதைவிட எளிது, நம்பத்தகுந்ததும்கூட.

விளக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விளக்கு தாழ்வாக இருந்தால் மரங்களின் நிழல் வானத்தில் விழும். விளக்கை உயரத்தில் அமைத்து, கடைசி நிரைக்கும் பலகைக்கும் இடையே ஐந்தாறு சென்டிமீட்டர் வெற்றிடம் விட்டால் வானத்தில் விழும் நிழல் குறையும். வண்ணம் கலப்பதும் அதே விளக்கின் கீழ்தான் நடக்க வேண்டும். வாசலில் பகல் வெளிச்சத்தில் கலந்த பச்சை, மஞ்சள் விளக்கின் கீழ் வைக்கோல் நிறமாகத் தெரியும்.

தரைக்கு நம்மூர்ச் செம்மண்ணைப் போன்ற பொருள் வேறில்லை. ஆனால் அதை அள்ளி வந்து அப்படியே தூவக்கூடாது. முட்டைகளும் வித்துகளும் மண்ணோடு வரும். அடுப்பில் நன்றாகச் சூடாக்கி, மெல்லிய நைலான் துணியில் சலித்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஈயத்தாதைக் கழுவிப் பிரிக்கும் ஈயலம்பல் நடந்த இடங்களின் மணலை எடுப்பவர்கள் இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். அதில் அமாங் எனப்படும் கனமான கருமணல் கலந்திருக்கக்கூடும். அதன் சில துகள்களைக் காந்தம் இழுக்கும். அவை எஞ்சின் மோட்டாருக்குள் புகுந்தால் பழுது நிச்சயம். வலுவான காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி மணலுக்குள் பலமுறை ஓட்டி எடுத்தால் போதும். தண்டவாளச் சல்லியிலும் அளவைப் பார்க்க வேண்டும்: ஐந்து சென்டிமீட்டர் கல், 1:87இல் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதைவிடப் பெரியதைக் கொட்டினால் சிலிப்பர் கட்டைகளுக்கிடையே பாறாங்கற்கள் கிடப்பதுபோல் இருக்கும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு சேர்த்தால் அது மணிமணியாகத் திரண்டு நிற்காமல் சல்லிக்குள் இறங்கும். பாதை பிரியும் இடத்தின் நகரும் நாக்குகளில் மட்டும் ஒரு சொட்டும் படக்கூடாது.

கோலகங்சாருக்கு அருகே பேராக் ஆற்றின் மேல் 1900இல் கட்டி முடிக்கப்பட்ட விக்டோரியா பாலத்தை மாதிரி செய்ய விரும்பாதவர் இந்தப் பக்கத்தில் குறைவு. பாலத்தை ஆணி ஆணியாகச் செய்துவிட்டு ஆற்றை நீலமாகப் பூசுவதைக் கண்டிருக்கிறேன். மழைக்குப் பிந்திய நம் ஆறு, பால் தேநீரான தே தாரேக் நிறம். அடித்தளத்தையே அந்த நிறத்தில் பூசி, கரைகளில் வெளிறச் செய்து, அதன் மேல் எபாக்சியைச் சில மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காக ஊற்ற வேண்டும். ஒரே தடவையில் கனமாக ஊற்றினால் உள்ளே சூடேறி வெடிக்கலாம். மழை நாளில் ஊற்றினால் ஈரம் பட்டு மேற்பரப்பு மங்கிப் பிசுபிசுக்கும். ஓரத்தில் ஊசித்துளை இருந்தாலும் இரவுக்குள் அது தரைக்கு வந்துவிடும் என்பதை என் வீட்டுத் தரை இன்னமும் சொல்லும்.

மலைக்குப் பாலிஸ்டைரீன் நுரைப்பலகையைப் பயன்படுத்துபவர்கள், கரைப்பான் கலந்த பசையும் தெளிப்பு வண்ணமும் அதைக் கரைத்துவிடும் என்பதை ஒரு துண்டில் சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. காகிதக் கூழில் மாவுப்பசை சேர்ப்பதும், பாறைக்கு மிளகோ தானியமோ ஒட்டுவதும் கரப்பானுக்கும் எறும்புக்கும் விருந்து வைப்பதாகும்.

எல்லாம் முடிந்ததும், கைபேசியின் காமிராவைத் தலைகீழாகப் பிடித்து, அதன் கண் தண்டவாள மட்டத்துக்கு வரும்படி தளத்தின் மேல் வைத்து ஒரு படம் எடுங்கள். நின்று பார்க்கையில் மறைந்திருந்த கூரை விளிம்பின் பசைத்துளி, தரையில் பதியாமல் மிதக்கும் வீடு, நிழல் விழுந்த வானம், பலகையில் வரைந்த கூரைகள் சாயும் கோணம் முன்னால் உள்ளவற்றோடு ஒத்துப்போகாத இடம் ஆகிய அனைத்தும் அந்தப் படத்தில் வந்துவிடும். நான் அதைத் தாளில் அச்சிட்டு, பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, தளத்துக்கு அடியில் ஒட்டிவைத்துக்கொள்கிறேன். இப்போது அங்கே பதினோரு வட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் நான்கு அந்த அரசமரத்தைச் சுற்றியே.